மூன்று மாதம் வராதவரின் பெயர்: ஒரு வாலிபர் ஊழியத்தின் நிகழ்வு ஆய்வு

1881 பிப்ரவரி 2, புதன்கிழமை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்டு நகரில், வில்லிஸ்டன் சபையின் போதகர் தம் வீட்டுக் கூடத்தில் வாலிபர்களைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறார். அவர் பெயர் பிரான்சிஸ் கிளார்க், வயது 29. கையில் தாமே எழுதிய சங்க விதிகள். அதை வாசித்து முடித்துவிட்டு, கையெழுத்திட விரும்புகிறவர்கள் முன்வரலாம் என்கிறார்.

யாரும் அசையவில்லை.

அந்த அமைதி நெடுநேரம் நீடித்ததாகவே அந்நாளைப் பற்றிய விவரிப்புகள் சொல்கின்றன. வாலிபர்களுக்கு முன்னால் நின்று ஓர் அழைப்பைக் கொடுத்துவிட்டு, எதிரே உள்ள முகங்கள் தரையைப் பார்ப்பதைக் கண்டிருக்கிற எவருக்கும் அந்த நிமிடங்களின் நீளம் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். நான் அப்படிப்பட்ட நேரங்களில் உடனே ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவேன். கிளார்க் பாட்டைத் தொடங்கவில்லை, விதியைத் தளர்த்தவும் இல்லை. கடைசியில் ஞாயிறு பள்ளியில் வாலிபர் வகுப்பை நடத்திவந்த பென்னல் என்பவர் எழுந்து முதல் கையெழுத்தைப் போட்டார். பிறகு தம் வகுப்புப் பையன்களைத் திரும்பிப் பார்த்து அழைத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள்.

இந்த மாலைதான் 'கிறிஸ்டியன் எண்டெவர்' என்று உலகம் அறிந்த வாலிபர் இயக்கத்தின் தொடக்கம். வாலிபர் ஊழியத்தில் ஒருவர் எப்படி வழிநடத்துகிறார், எப்படி வளர்கிறார், எங்கே வளராமல் நின்றுவிடுகிறார் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்கு அகப்படவில்லை. வெற்றி, கோளாறு இரண்டும் இதில் வெளிப்படையாக இருக்கின்றன.

பின்னணி

கிளார்க் 1851-இல் கனடாவின் கியூபெக் பகுதியில் பிறந்தவர். அப்போது அவருடைய குடும்பப் பெயர் சிம்ஸ். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார், சில ஆண்டுகளில் தாயும் போய்விட்டார். தாயின் சகோதரரான ஒரு போதகர் பையனைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் கொடுத்தார். போதகர் வீட்டில் வளர்ந்த பையன் டார்ட்மவுத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் படித்து, 1876-இல் நேரே வில்லிஸ்டன் சபைக்கு வந்து சேர்ந்தார். அனாதையாகி இன்னொருவர் வீட்டில் ஒட்ட வைக்கப்பட்ட பிள்ளைதான், பின்னாளில் 'கூட்டத்துக்கு வராத பிள்ளை எங்கே' என்று தேடும் விதியை எழுதினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

1881 ஜனவரியில் வழக்கமான ஜெப வாரம் நடந்தது. அதைத் தொடர்ந்து சபையின் பிள்ளைகள் பலர் தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். கிளார்க்கின் சிக்கல் அங்கேதான் பிறந்தது. எழுப்புதல் கூட்டத்தின் மறுநாள் காலை என்ன செய்வது? எல்லாச் சபைகளும் கைகொட்டி மகிழ்வது கூட்டத்தின் இரவில், தடுமாறுவது அடுத்த மாதத்தில். அந்நாளைய சபைகள் வாலிபர்களுக்கென்று வைத்திருந்தவை இன்றைக்கும் அவ்வளவாக மாறிவிடவில்லை: ஒரு பாடகர் குழு, விவாத மேடை, அவ்வப்போது ஒரு விருந்து, மற்ற நேரங்களில் பெரியவர்களின் ஜெபக்கூட்டத்தில் பின்வரிசை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், பிறகு கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள்.

தாளில் இருந்தது

விதிகள் கடுமையானவை. தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தாலன்றி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வர வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும், எவ்வளவு சிறியதாயினும், ஏதாவது ஒரு பங்கு எடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை அனுபவக் கூட்டம் உண்டு. அதில் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும், பெயர் வந்ததும் அவரவர் தம் ஆவிக்குரிய வாழ்வைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் காரணம் சொல்லாமல் வராதவரைக் கண்காணிப்புக் குழு போய்ப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று அனுபவக் கூட்டங்களுக்குக் காரணம் சொல்லாமல் வராதவரின் பெயர் நீக்கப்படும்.

இதோடு குழுக்கள் உண்டு: ஜெபக்கூட்டத்துக்கு ஒன்று, ஞாயிறு பள்ளிக்கு ஒன்று, புதியவர்களை வரவேற்று நட்பு வளர்க்க ஒன்று, ஆலயத்துக்கு மலர் ஏற்பாடு செய்யக்கூட ஒன்று. மலர்க் குழுவை ஒருவர் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் கூச்சம் மிகுந்த பையனுக்கு ஆலயத்தில் முதலில் கிடைக்கும் பொறுப்பு ஒரு பூச்சாடியாக இருப்பதில் குறை என்ன? அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய சனிக்கிழமை அவன் இல்லாமல் முடியாது.

இந்த விதிகளில் என் கண் நின்ற இடம் 'எவ்வளவு சிறியதாயினும்' என்ற சொற்கள். கோரிக்கை கடுமையானது, அளவோ மிகச் சிறியது. வர வேண்டும் என்பதில் தளர்வு இல்லை. ஆனால் வந்தவன் ஒரு வசனத்தை வாசித்தால் போதும், ஒரு வரி ஜெபம் போதும். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். வருவதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, வந்தவர்களில் திறமையுள்ள நான்கு பேரிடம் மட்டும் பெரிய பங்கைக் கொடுக்கிறோம். கிட்டார் வாசிப்பவன், நன்றாகப் பேசுபவள், நாடகத்தில் நடிப்பவன். மற்ற முப்பது பேர் பார்வையாளர்கள். பிறகு அந்த முப்பது பேரைக் காணோம் என்று ஜெபக்குறிப்பு எழுதுகிறோம்.

சில ஆண்டுகளில் உறுதிமொழி திருத்தி எழுதப்பட்டபோது அதில் இன்னும் கூர்மையான ஒரு சொல் ஏறியது: பங்கெடுப்பதில் பாடுவது கணக்கில் சேராது. இந்த வரியைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே ஒருவர் நம் வாலிபர் கூட்டங்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். பாட்டு கூட்டத்தோடு கலந்துவிடும், தனியாக ஒரு வார்த்தை சொல்வதில் ஆள் தெரிந்துவிடும்.

அதே திருத்தத்தில் மற்றொன்றும் இருந்தது. வராமல் இருக்க வேண்டுமானால், ஆண்டவருக்கு முன்பாக மனசாட்சியோடு சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும். தலைவரிடம் சொல்லக்கூடிய காரணம் என்று எழுதவில்லை. இந்த வேறுபாட்டை நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

என் பட்டியல்

நான் வாலிபர் ஊழியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று நம்பினேன். ஓரளவு உண்மையும்கூட: எல்லாவற்றையும் நானே செய்தேன். பாட்டு, செய்தி, விளையாட்டு, நாற்காலி அடுக்குவது, வராதவர்களுக்குத் தொலைபேசி. இரண்டாம் ஆண்டில் மூன்று வாரம் காய்ச்சலில் படுத்தேன். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் ஏழு. மூன்றாம் வாரம் கூட்டம் நடக்கவில்லை, யாரும் அதை ரத்து செய்யவும் இல்லை. மோசேயைப் பார்த்து அவர் மாமன் எத்திரோ, 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்று சொன்ன பகுதியில் நான் அருமையான செய்தி கொடுத்திருந்தேன். கொடுத்தது அந்தக் காய்ச்சலுக்கு ஒரு மாதம் முன்பு.

கிளார்க்கின் விதிகள் கண்ணில் பட்டது அதற்குப் பின்தான். எழுத்துக்கு எழுத்து அவற்றைக் கடைப்பிடிக்கத் தொடங்கினேன். பெயர்ப்பட்டியல் எழுதினேன், மாதக் கூட்டத்தில் வாசித்தேன். முதல் மாதம் போர்ட்லண்டின் அமைதி எங்கள் அறைக்கும் வந்தது. பதினான்காவது பெயர் ஒரு பெண்ணுடையது. இரண்டு ஆண்டுகளில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் எழுந்து, "இந்த மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. அதைத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பின் வந்த பெயர்கள் எல்லாம் பேசின. அந்த இரவு நான் கொடுக்கவிருந்த செய்தியைக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நான்காம் மாதம் ஒரு பையனின் பெயரை நீக்கினேன். மூன்று முறை வரவில்லை, ஒரு செய்தியும் இல்லை. விதி தெளிவாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஆலய வாசலில் என்னைப் பிடித்தான்.

"அண்ணன், என் பெயரை எடுத்துவிட்டீர்களாமே?"

"மூன்று மாதம் வரவில்லையே தம்பி."

"இரவு வேலையில் சேர்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அங்கே இடைவேளையில் தினமும் வேதம் வாசிக்கிறேன், அண்ணன். உங்களிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது."

வீட்டுக்குப் போய் அந்த விதியை மறுபடியும் வாசித்தேன். வராதவரைப் போய்ப் பார்த்து, அன்போடும் சகோதர உணர்வோடும் காரணத்தைக் கேட்டறிய வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அது நீக்குவதற்கு முந்தைய படி, மூன்று மாதமும் நடக்க வேண்டிய படி. கண்காணிப்புக் குழு என்ற பெயர் காவலர் வேலை போல ஒலித்ததால் நான் அந்தக் குழுவையே அமைக்கவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டேன், தேடிப் போகும் கால்களை விட்டுவிட்டேன். ஆண்டவருக்கு முன்பாகச் சொல்லக்கூடிய காரணம் அவனிடம் இருந்தது. என்னிடம் சொல்லக்கூடியதாக இல்லை, அவ்வளவுதான். ஒரு வாலிபன் தன் வீட்டு வறுமையைச் சொல்லத் தயங்கும் ஆளாக நான் இருந்திருக்கிறேன் என்பது, பெயரை நீக்கியதைவிடக் கனமான குற்றச்சாட்டு. அவன் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கனம்.

குழுவை அடுத்த வாரமே அமைத்தோம். யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். ஓர் ஊழியர் வீட்டுக்கு வந்தால் தாய்மார் நாற்காலியைத் துடைக்கிறார்கள், பையன் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான். நண்பன் வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான். உண்மை வெளிவருவது அந்த வாசற்படியில். இதை நான் என் சொந்த அறிவால் கண்டுபிடிக்கவில்லை, தோற்ற பிறகு பார்த்தேன்.

பெருக்கம்

போர்ட்லண்டுக்குத் திரும்புவோம். 1881 கோடையில் கிளார்க் தம் சபையில் நடந்ததை ஒரு கிறிஸ்தவ வார இதழில் எழுதினார். அதைப் படித்த மற்ற போதகர்கள் விதிகளைக் கேட்டு எழுதினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட்டில் இரண்டாவது சங்கம் தோன்றியது. 1882 ஜூனில் முதல் மாநாடு கூடியபோது ஆறு சங்கங்கள் இருந்தன. 1906 வாக்கில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள், நாற்பது லட்சம் பேரளவு உறுப்பினர்கள். உலக மாநாடு ஒன்று 1909-இல் ஆக்ராவில்கூட நடந்தது.

எண்ணிக்கைகளை வேகமாகக் கடந்துவிட்டேன், காரணம் உண்டு. வாலிபர் ஊழியர்கள் எண்ணிக்கைகளைக் கொஞ்சம் அதிகமாகவே காதலிக்கிறோம். அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் பெண்கள் வாய் திறப்பதைப் பல சபைகள் ஏற்காத காலம் அது. 'ஒவ்வொருவரும் பங்கெடுக்க வேண்டும்' என்ற விதிக்கு ஆண், பெண் தெரியாது. பட்டியலில் பெயர் வந்தால் பேச வேண்டும். பெண்கள் பேசினார்கள், ஜெபித்தார்கள், குழுத் தலைவர்களானார்கள். பெரிய விவாதம் எதுவும் வெல்லாததை ஒரு பெயர்ப்பட்டியல் செய்துவிட்டது.

எதிர்ப்பும் வந்தது. சங்கம் சபைப் பிரிவுகளைக் கடந்து நின்றதால், எங்கள் பிள்ளைகள் எங்கள் மரபை மறந்துவிடுவார்கள் என்று பிரிவுகள் அஞ்சின. மெத்தடிஸ்டுகள் 1889-இல் எப்வொர்த் லீக் என்ற வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார்கள், பாப்டிஸ்டுகள் 1891-இல் தங்கள் வாலிபர் சங்கத்தை அமைத்தார்கள். முறை பெரும்பாலும் கிளார்க்குடையதே, பெயர்ப்பலகை மட்டும் வேறு. 'கிறிஸ்துவுக்காகவும் சபைக்காகவும்' என்பதைக் குறிக்கோளாக வைத்திருந்தவருக்கு இது வலித்திருக்க வேண்டும்.

இன்னொரு விமர்சனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். 'எவ்வளவு சிறியதாயினும்' என்ற அதே சொற்கள் காலப்போக்கில் ஓட்டையாயின. கடமைக்கு ஒரு குட்டி வசனத்தைச் சொல்லிவிட்டு உட்கார்வது வழக்கமாயிற்று. எங்கள் கூட்டத்திலும் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்ற வசனத்துக்குத் திடீரென்று மவுசு கூடியது, வேதத்தின் மிகச் சிறிய வசனங்களில் அதுவும் ஒன்று. விதி ஆளைக் கூட்டத்துக்குக் கொண்டுவரும், வாயைத் திறக்க வைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெண் 'ஜெபிக்கவே இல்லை' என்று சொன்னதற்கு விதி இடம் கொடுத்தது, துணிவு அவளுடையது.

தலைவர்

கிளார்க் 1883-இல் வில்லிஸ்டனை விட்டு பாஸ்டனில் ஒரு சபைக்குப் போனார். 1887-இல் அந்தப் போதகர் பணியையும் விட்டுவிட்டு, சங்கங்களின் ஐக்கியத்துக்கு முழுநேரத் தலைவரானார். உலகைப் பலமுறை சுற்றினார், எழுதினார், ஓயாமல் மாநாடுகளில் பேசினார். 1925 வரை அந்தப் பதவியில் இருந்தார். 38 ஆண்டுகள். பதவியை விட்டபோது வயது 73. இரண்டு ஆண்டுகளில், 1927-இல், காலமானார்.

வாலிபர் கையில் பொறுப்பைக் கொடுப்பதையே உயிர்நாடியாகக் கொண்ட இயக்கத்தின் உச்சி நாற்காலியில் ஒருவரே 35 வயதிலிருந்து 73 வயது வரை இருந்தார். அடித்தளத்தில் பதினாறு வயதுப் பிள்ளை குழுத் தலைவர், ஆறு மாதத்தில் வேறொரு பிள்ளை. மேலே மாற்றமே இல்லை. அவர் பதவிமோகி அல்லர், எளிமையானவர், பாசம் மிக்கவர். அதுதான் சிக்கல். மோசமான தலைவரை மாற்றச் சொல்லத் துணிபவர்கள் உண்டு. நல்லவரிடம் போய் 'ஐயா, போதும்' என்று யார் சொல்வார்? அவராகவே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. இயக்கத்தின் அலை தணிந்ததற்குக் காரணங்கள் பல: பிரிவுகள் தம் பிள்ளைகளைத் திரும்ப இழுத்துக்கொண்டன, உலகப் போர் வந்தது, பொழுதுபோக்குகள் பெருகின. நாற்காலிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊழியர் எனும் முறையில் என் கண் அந்த நாற்காலிமேலேயே போகிறது.

இதே காலத்தில் வேறொரு வாலிபர் ஊழியர் வேறு வழியில் நடந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1895-இல், இருபத்தொரு வயதையொட்டி, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளரானார். வாலிபர்களைத் திரட்டி, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். அயல்நாட்டார் நமக்கு மிஷனரிகளை அனுப்பியது போதும், நாம் யாரை அனுப்புகிறோம் என்பது அவர் கேள்வி. பல ஆண்டுகள் இதை இளைஞர்களிடம் கேட்டபின், கேள்வி அவர் பக்கம் திரும்பியது. 1909-இல் செயலாளர் பணியை விட்டுவிட்டு, குடும்பத்தோடு தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகத் தாமே போனார். 1912-இல் அங்கேயே பேராயரானது அனைவரும் அறிந்தது. எனக்கு முக்கியம் 1909. வாலிபர்களிடம் கேட்டதைத் தாம் செய்வதற்காகவே அவர் வாலிபர் ஊழியத்தை விட்டார்.

இருவரையும் தராசில் வைப்பது நியாயமில்லை. கிளார்க்கும் தமக்குத் தோன்றிய அழைப்புக்குக் கீழ்ப்படிந்தவரே. ஆனால் வாலிபர் ஊழியத்தில் 'வளர்ச்சி' என்று நாம் பேசும்போது பெரிய கூட்டம், பெரிய மேடை, மாவட்டம், மாநிலம் என்று ஒரே ஏணியைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். ஏணியில் இறங்குவதும் இந்த ஊழியத்தில் ஒரு வளர்ச்சிதான் என்று எந்தப் பயிற்சி முகாமும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்கு இப்போது 37 வயது. கிளார்க் முழுநேரத் தலைவரான வயதைவிட இரண்டு கூடுதல். முடி நரைக்கத் தொடங்கிவிட்டது, இருந்தும் 'வாலிபர் அண்ணன்' என்றே அழைக்கப்படுகிறேன். சென்ற மாதம் ஆயரிடம் போய், இந்த ஆண்டோடு பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்று சொன்னேன். "யார் இருக்கிறார்கள்?" என்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருப்பேன், அதைப் பெருமையோடு சொல்லியிருப்பேன். இப்போது இரண்டு பெயர்களைச் சொன்னேன். ஒன்று இரவு வேலைக்குப் போகும் தம்பி, கண்காணிப்புக் குழுவை இரண்டு ஆண்டுகளாக அவன்தான் நடத்துகிறான். யாருடைய வீட்டு வாசற்படியும் அவனுக்கு அந்நியமில்லை. மற்றது பதினான்காவது பெயர்.

வரும் மாத அனுபவக் கூட்டத்தில் பட்டியலை வாசிக்கப்போவது அவள். அதில் என் பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். நான் இதுவரை அந்தப் பட்டியலை வாசித்தவன், அதில் இருந்தவன் அல்லன். அவள் என் பெயரைச் சொன்னதும் எழுந்து ஏதாவது சொல்லியாக வேண்டும், எவ்வளவு சிறியதாயினும். பாடுவது கணக்கில் சேராது.